சுருள்பாயின் ஜாதகம்

நவம்பர் பிறந்தால் கிரான் கனாரியா தீவின் லாஸ் பால்மாஸ் படகுத்துறை களை கட்டிவிடும். அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் போகிற ‘ஆர்க்’ படகுப் பயணம் 1986இல் முதன்முதலாகக் கிளம்பியது இங்கிருந்துதான். இப்போது அது போய்ச்சேரும் செயின்ட் லூசியாவின் ராட்னி விரிகுடா வரை சுமார் 2,700 கடல்மைல். புறப்பாட்டுக்கு முந்தைய வாரம் பாய்மர உச்சிகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். இடுப்பில் துணி இருக்கை, பக்கத்தில் கருவிப் பை. கீழே நிற்கும் படகுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. பழையது, புதியது, ஒரு மரம், இரண்டு மரம், இரட்டை உடல். ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு சங்கதி மட்டும் பொது. படகின் மூக்கிலிருந்து பாய்மர உச்சிக்குச் சாய்வாக ஏறும் ஒரு தடித்த வெள்ளைத் தண்டு. அதன் மேல் நீலமோ பச்சையோ சுற்றிச் சுற்றி ஓடும் துணிப் பட்டை. அதற்குள் 40 சதுர மீட்டர் பாய் சுருண்டு கிடக்கிறது. பின்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கயிற்றை விட்டு இன்னொன்றை இழுத்தால் விரியும். மாற்றி இழுத்தால் சுருளும்.

இந்தச் சுகத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு, ஒரு விலையும் உண்டு. 38 அடிப் படகு ஒன்றின் முன்பாயை, நூலாகப் பிறந்த காலத்திலிருந்து பின்தொடர்ந்து போனால் இரண்டும் தெரிந்துவிடும். பெயர் சொல்லக்கூடிய ஒரு தனிப்படகின் பாய் அல்ல நான் சொல்வது. இந்தத் துறைக்கு வந்துபோகிற பெரும்பாலான பாய்களின் ஜாதகம் இப்படித்தான் இருக்கிறது.

சுருட்டி என்ற இந்தக் கருவி வருவதற்கு முன்பு முன்பாயைக் கையாள்வது என்றால் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, போக வேண்டும். படகின் மூக்கையும் பாய்மர உச்சியையும் இணைத்து நிற்கும் முன்கம்பியில், பாயின் முன்விளிம்பை வெண்கலக் கொக்கிகளால் வரிசையாக மாட்டுவார்கள். காற்று கூடினால் பெரிய பாயை இறக்கி, கொக்கி கொக்கியாகக் கழற்றி, சின்னப் பாயை மாட்டி, ஆஞ்சான் கயிற்றை இழுத்து மறுபடி ஏற்ற வேண்டும். இருட்டில், குதித்துக்கொண்டிருக்கும் தளத்தில், அலை மேலேறி அடித்துவிட்டுப் போகிறபோது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை எட்டியது அந்தக் காலத்து முறையில்தான். முன்னோக்கி நீண்ட மரத்தின் மேல் ஆள் போய்த்தான் முன்பாய்களை மடக்கிக் கட்ட வேண்டும். அந்தக் கப்பலில் அதற்கு வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தார்கள். இன்றைக்கு அட்லாண்டிக் கடக்கிற 38 அடிப் படகில் பல நேரம் ஒரு கணவனும் மனைவியும்தான். ஒருவர் தூங்கினால் மற்றவர் காவல். அப்படி இருவராக மூன்று வாரம் கடலில் இருக்க முடிகிறது என்றால், தானியங்கிச் சுக்கானுக்கு அடுத்தபடியாக இந்தச் சுருட்டிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாய்க்கு ஜெனோவா என்று பெயர். 1926இல் இத்தாலியின் ஜெனோவாவில் நடந்த போட்டியில் சுவீடன் கப்பல் முதலாளி ஸ்வென் சலேன் தன் ஆறு மீட்டர் வகுப்புப் படகில் இப்படியொன்றை ஏற்றினார். ஊர்ப் பெயர் பாய்க்கு ஒட்டிக்கொண்டது. போட்டி விதிகள் அளந்தது முன்கம்பிக்கும் பாய்மரத்துக்கும் நடுவிலிருந்த முக்கோணத்தை மட்டும். அதைத் தாண்டிப் பின்னால் போன துணி கணக்கில் வரவில்லை. விதியின் ஓட்டையில் பிறந்த பாய் என்று சொன்னால் பொய்யில்லை. போட்டியே தெரியாத உல்லாசப் படகுகளும் பின்னால் அதையே பிடித்துக்கொண்டன.

சுருட்டும் யோசனை ஜெனோவாவைவிட மூத்தது. 1907 வாக்கில் இங்கிலாந்தில் வைக்கம் மார்ட்டின் என்ற பெயரில் ஒரு வெண்கலக் கருவி வந்தது. கீழே கயிறு சுற்றிய ஒரு உருளை, மேலே குண்டுகள் வைத்த ஒரு சுழலி, நடுவில் பாய். பாயின் முன்விளிம்புக்குள் தைத்திருக்கும் கம்பியே அச்சு. நம்மூர்க் கடை ஷட்டரை நிமிர்த்தி நிறுத்தியது போன்ற ஏற்பாடு. ஷட்டருக்குப் பாதி திறந்த நிலை உண்டு. இதற்கு அது கிடையாது. முழுதாக விரி, இல்லையென்றால் முழுதாகச் சுருட்டு. பாதி சுருட்டினால் கம்பி முறுக்கிக்கொள்ளும்: கீழே பத்துச் சுற்று போயிருக்கும், மேலே ஆறு. பழைய பாணிப் படகுக்காரர்கள் இன்றும் இதை வாங்கி மாட்டுகிறார்கள். அந்தக் கருவியின் எளிமைக்கு நான் ரசிகன்; எண்ணெய் போடுவதைத் தவிர அதில் பார்க்க வேறு ஒன்றுமில்லை.

அன்று அது பெரிதாகப் பரவாமல் போனதற்குத் துணியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்போது பாய் என்றால் பருத்தி அல்லது ஆளிநார். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்து, ஒரு பருவத்தில் மக்கிவிடும். பருத்திப் பாயை உலர்த்தி, மடித்து, பையில் போட்டு உள்ளே வைப்பது மாலுமியின் அன்றாடக் கடமை. மாதக்கணக்கில் கம்பியிலேயே சுருண்டு கிடக்கிற பாய் என்ற எண்ணமே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

அதை மாற்றியது வேதியியல். இங்கிலாந்தின் கேலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷனில் வேலை பார்த்த ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் இருவரும் 1941இல் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். போருக்குப் பிறகு ஐ.சி.ஐ. அதை டெரிலீன் என்றும், அமெரிக்காவில் டூபான்ட் டேக்ரான் என்றும் விற்றன. நம் தாத்தாக்களின் டெரிலீன் சட்டையும் கடலோடிகளின் பாயும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட்டில் பாய் தைத்த டெட் ஹூட் 1950களில் துணியைத் தானே நெய்யத் தொடங்கினார், அவ்வளவு நெருக்கமான நெசவு வேறு இடத்தில் கிடைக்கவில்லை என்பதால். 1974இல் அமெரிக்கக் கோப்பையை ‘கரேஜஸ்’ படகில் காத்தவரும் இவரேதான். பாலியஸ்டர் மக்காது, தண்ணீர் குடிக்காது. அதை வெளியே விட்டுவைக்கலாம். சுருட்டிக்கு வழி பிறந்தது இந்த இழையால்தான்.

1970களில் மீதி வேலை நடந்தது. முன்கம்பியைச் சுற்றி நீளமான அலுமினியக் குழலைப் பொருத்தி, அதன் பள்ளத்தில் பாயின் விளிம்பைச் செருகினார்கள். குழல் முறுக்கிக்கொள்ளாமல் மேலிருந்து கீழ்வரை ஒன்றாகத் திரும்பும். ஆகவே பாதி சுருட்டி நிறுத்தலாம், காற்றுக்குத் தக்கபடி பாயைச் சிறிதாக்கலாம். ஹூட், புரோஃபர்ல், ஃபர்லெக்ஸ், ஹார்க்கன் என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் பெயர்கள் வரிசை கட்டின. தத்துவம் எல்லாவற்றிலும் ஒன்று. உள்ளே இருக்கும் குண்டுகளில்தான் வித்தியாசம்: சிலர் எஃகுக் குண்டுகளைக் கிரீஸோடு அடைத்து வைக்கிறார்கள்; 1967இல் விஸ்கான்சினில் தொடங்கிய ஹார்க்கன் சகோதரர்கள் பிளாஸ்டிக் குண்டு வழிக்காரர்கள். அதற்குக் கிரீஸ் ஆகாது, நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். கழுவ வேண்டியதில் கிரீஸைத் திணிக்கிறவர்களும் கிரீஸ் கேட்கிறதைக் கழுவியே காப்பாற்றப் பார்க்கிறவர்களும் எல்லாப் படகுத்துறையிலும் உண்டு. கையேட்டைப் படித்தால் தீர்ந்தது.

நம் பாய் பிறப்பது பெரும்பாலும் ஆசியாவில். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பாய்ப்படகுப் போட்டியில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் ராலி டாஸ்கர் நிறுவிய பட்டறை தாய்லாந்தின் புக்கெட்டில் இருக்கிறது. நார்த் செயில்ஸின் பெரிய ஆலை ஒன்று இலங்கையில் இருக்கிறது. ஐரோப்பியப் படகின் மூக்கில் தொங்கும் பாயை அந்தப் படகை ஒருநாளும் பார்க்காத பெண்கள் தைத்திருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் கனக்கும் துணி, கணினி வெட்டிய துண்டுகளாக வந்து சேரும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மெல்லிய வளைவு இருக்கும்; அந்த வளைவுகளை நேராக்கித் தைக்கும்போதுதான் தட்டைத் துணிக்கு வயிறு வருகிறது. பிறகு மூன்று மூலைகளிலும் அடுக்கடுக்காகத் துணி வைத்து எஃகு வளையங்களை அழுத்துவார்கள். பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில் தாங்கும் அக்ரிலிக் பட்டையைத் தைப்பார்கள். முன்விளிம்பை ஒட்டி, நடுவில் தடித்தும் நுனிகளில் மெலிந்தும் ஒரு நுரைப் பட்டை போகும். பாதி சுருட்டும்போது பாயின் நடுவயிற்றில் மிஞ்சுகிற துணியை இந்த நுரையின் தடிமன் விழுங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் சிறிதாக்கிய பாய் தொந்தி போட்டு, காற்று கூடுகிற நேரத்தில் படகைப் பக்கவாட்டில்தான் சாய்க்கும்.

பட்டறைக்குப் படகைத் தெரியாது என்பதால் எல்லாம் ஆர்டர் படிவத்தை நம்பியிருக்கிறது. சொந்தக்காரர் டேப்பின் நுனியைச் சுழலியில் கட்டி ஆஞ்சானால் மேலே ஏற்றி, கீழ் ஊக்குவரை நீளம் எடுக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கூடினால் பாய் விறைக்காது. ரொம்பக் குறைந்தால் அதைவிடப் பெரிய வம்பு. அதைக் கீழே சொல்கிறேன். படிவத்தில் இன்னொரு கேள்வி இருக்கும்: வெயில் பட்டை எந்தப் பக்கம்? சுருண்டபின் பட்டை வெளியே தெரிய வேண்டும் என்றால், உருளை எந்தத் திசையில் திரும்புகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். யோசிக்காமல் டிக் போட்டவர்களின் படகில் நீலப்பட்டை உள்ளே பத்திரமாக இருக்கும். வெள்ளைத் துணி வெயில் காயும். நல்லவேளை, இதற்குப் பாயை வீசத் தேவையில்லை. உருளையில் கயிற்றை எதிர்த்திசையில் சுற்றினாலே சரியாகிவிடும்.

பாய் ஏற்றக் காற்றில்லாத விடியற்காலை வேண்டும். ஒருவர் விளிம்பைக் குழலின் பள்ளத்துக்குள் ஊட்டிக்கொடுக்க, மற்றவர் பாய்மரத்தடியில் ஆஞ்சானை இழுப்பார். மேலே போனதும் எவ்வளவு விறைக்க வேண்டும்? முன்விளிம்பில் குறுக்குச் சுருக்கங்கள் தெரிந்தால் போதவில்லை. அவை மறையும்வரை இழுத்து நிறுத்தினால் போதும். மேலும் முறுக்கினால் விளிம்பை ஒட்டி நெடுக்காக ஒரு மடிப்பு எழும், குண்டுகளுக்கும் பாரம். படகை விட்டு ஊருக்குப் போகிறவர்கள் ஆஞ்சானைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் போவது பாய்க்கும் நல்லது, குண்டுகளுக்கும் நல்லது.

உருளையில் கயிறு எத்தனை சுற்று? பாய் விரிந்திருக்கையில் உருளை நிறைந்திருக்கும். பாய் சுருண்டு, அதன் மேல் பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறுகளும் இரண்டு மூன்று சுற்று சுற்றியபின் உருளையில் நாலைந்து சுற்று மிச்சமிருக்க வேண்டும். துறையில் காற்றே இல்லாமல் சுருட்டிப் பார்த்துக் கணக்கிட்டால் ஏமாறுவோம்; பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும், கூடுதல் சுற்று கேட்கும். மிச்சம் வைக்காதவருக்குப் புயலில் கயிறு தீர்ந்துபோய், ஒரு முக்கோணத் துணி மட்டும் அடங்காமல் படபடத்துக்கொண்டிருக்கும். உருளை சிறியது, கயிறு கொள்ளவில்லை என்றால் பாய்மரமும் கம்பியும் கயிறும் பார்க்கும் ரிக்கர்கள் ஒரு கைவேலை செய்வார்கள்: உருளைக்குள் போகும் பகுதியில் மட்டும் கயிற்றின் உள்நாரை உருவி எடுத்துவிடுவார்கள். வெறும் உறை தட்டையாகப் படியும், சுற்று கூடக் கொள்ளும். கையில் பிடிக்கிற பகுதி பழைய தடிமனிலேயே இருக்கும்.

கயிறு உருளைக்குள் நுழையும் கோணமும் முக்கியம். முன்கம்பிக்குச் செங்குத்தாக நுழைய வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ வந்தால் ஒரே ஓரத்தில் குவியும். விரிக்கும்போது அவசரப்பட்டுக் கயிற்றை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். காற்று பாயைப் பிடுங்கி விரிக்கும், உருளை விர்ரென்று சுழலும், கயிறு தளர்வாகப் பின்னிச் சுற்றிக்கொள்ளும். அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்துச் சுருட்டப் பார்க்கும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து சிக்கியிருக்கும். விரிக்கும்போது கயிற்றில் கொஞ்சம் பிடி இருந்தால் இந்தப் பிரச்சினையே எழாது.

மேலே இருக்கும் சுழலிக்கு வருவோம். அதன் கீழ்ப்பாதி பாயோடு சுற்றும். மேல்பாதியை ஆஞ்சான் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடிக்க, ஆஞ்சான் முன்கம்பிக்கு இணையாக ஓடாமல் 8 முதல் 10 பாகை பின்னோக்கிச் சாய்ந்து இழுக்க வேண்டும். பாயின் நீளம் குறைந்து சுழலி கீழே தங்கிவிட்டால் அந்தச் சாய்வு கிடைக்காது. ஆஞ்சானும் கம்பியும் பக்கம்பக்கமாக நிற்கும்; சுழலியின் மேல்பாதியும் கூடவே சுற்றும்; ஆஞ்சான் கம்பியில் கொடியாகச் சுற்றிக்கொள்ளும். ரிக்கர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பரிகாரம் சுலபம், மலிவும்கூட. பாயின் தலைக்கு மேலே ஒரு துண்டுக் கயிற்றை நிரந்தரமாகக் கட்டிச் சுழலியை உச்சிக்கருகே உயர்த்த வேண்டும். இல்லையென்றால் பாய்மரத்தில் ஒரு வளையம் அடித்து ஆஞ்சானைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். லாஸ் பால்மாஸில் மரத்தின் உச்சியில் தொங்குகிறவர்கள் பார்க்கிறவற்றில் இது தவறாமல் இருக்கும்.

கடலில் போனபின் வணிகக்காற்று பின்னாலிருந்து தள்ளும். ஜெனோவாவின் பின்மூலையை ஒரு நீண்ட கழியால் வெளியே தள்ளி நிறுத்திவிட்டு நாள்கணக்கில் ஓடலாம். இரவு இரண்டு மணிக்குப் பின்வானத்தில் நட்சத்திரங்கள் கொத்தாக மறைந்தால் மழைப்புயல் வருகிறது என்று அர்த்தம். கழியை அப்படியே விட்டுவிட்டு, தாமானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே சுருட்டுக் கயிற்றை இழுத்தால் பாய் பாதியாகிவிடும். தாமானை முழுக்க விட்டுவிட்டால் பாய் தளர்வாகச் சுருளும், படபடப்பில் தையலும் போகும். காற்றுக்கு எதிர்த்து ஓடுகிற சமயத்தில் பாயைப் பாதியாக்கினால் தாமான் கப்பியையும் முன்னே நகர்த்த வேண்டும். பின்மூலை முன்னும் மேலுமாகப் போய்விடுகிறதல்லவா, கப்பி பழைய இடத்திலேயே இருந்தால் பாயின் மேல்பகுதி காற்றைக் கொட்டிக்கொண்டு உதறும்.

இழுக்கும்போது திடீரென்று கயிறு நின்றுவிட்டால்? கை தன்னாலே கயிறு இழுக்கும் வின்ச்சுக்குப் போகும். போகக் கூடாது. கையால் இழுத்து வராத கயிற்றில் ஏதோ மாட்டியிருக்கிறது. உருளையில் சுற்று புதைந்திருக்கலாம், வேறொரு ஆஞ்சான் பாய்க்குள் சுருண்டிருக்கலாம், மேலே ஆஞ்சான் கம்பியைச் சுற்றியிருக்கலாம். டார்ச் அடித்து மேலே பார்க்க வேண்டும். வின்ச்சின் பலத்துக்குக் குழல் முறுக்கிக்கொள்ளும். ஆஞ்சான் கம்பியின் இழைகளைப் பிரித்து அறுக்கும். முன்கம்பி போனால் பாய்மரமே பின்னால் சாயலாம். புதிய படகுகளில் பொத்தானை அழுத்தினால் இழுக்கும் மின் வின்ச் வந்திருக்கிறது. வசதிதான். ஆனால் எங்கே தடுக்கிறது என்று அதற்குத் தெரியாது, கைக்குத் தெரியும். சுருட்டுக் கயிற்றை மட்டுமாவது கையாலேயே இழுக்கலாம் என்பது என் கட்சி.

நான் முதலில் சொன்ன விலை இங்கேதான் இருக்கிறது. கொக்கி மாட்டிய காலத்தில் மாலுமி தினமும் அணியத்துக்குப் போனார். போகிறபோதெல்லாம் முன்கம்பி கண்ணில் பட்டது, கையில் பட்டது. ஒரு இழை அறுந்து துருத்தினால் விரலைக் குத்தியே சொல்லிவிடும். சுருட்டி அந்தக் கம்பியை ஒரு அலுமினியக் குழலுக்குள் ஒளித்து வைத்துவிட்டது. படகிலேயே அதிகம் நம்பியிருக்கிற கம்பியைச் சொந்தக்காரர் வருடக்கணக்கில் பார்ப்பதில்லை. 19 இழை கொண்ட அந்த எஃகுக் கம்பி பெரும்பாலும் நடுவில் போகாது. முனைக்கூட்டுக்குள் அது நுழைகிற வாயிலில் போகும். உப்புத்தண்ணீர் அந்த இடுக்கில் தேங்கி, காற்றுப் படாமல் உள்ளேயே அரிக்கும். வெளியே பழுப்புக் கோடாக ஒரு கசிவு தெரியும், அவ்வளவுதான். பத்து ஆண்டுக்கு ஒருமுறை கம்பிகளை மாற்றச் சொல்லி ரிக்கர்கள் வற்புறுத்துவதும், பல காப்பீட்டு நிறுவனங்கள் அதையே கேட்பதும் இதனால்தான். இரண்டு முனையிலும் டாகிள் என்கிற கீல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாயின் பாரத்தில் கம்பி எல்லாப் பக்கமும் ஆடும். கீல் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் முழுவதும் முனைக்கூட்டின் வாயில் போய் வளைத்து வளைத்து ஒடிக்கும்.

குழலின் துண்டுகளை இணைக்கும் சின்னத் திருகுகளையும் மறக்கக் கூடாது. அலுமினியமும் எஃகும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் கரையும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு ஜென்மத்துக்கும் கழற்ற முடியாது. மாட்டும்போதே டெஃப்-ஜெல் மாதிரியான பசையைத் தடவினால் அந்தத் தொல்லை இல்லை. தளர்ந்து விழுந்த ஒரே ஒரு திருகு போதும், குழலின் ஒரு துண்டு இறங்கிவந்து பள்ளத்தின் வாய் பிசகிவிடும். அப்புறம் பாய் மேலே போன இடத்திலேயே நிற்கும், இறக்க முடியாது.

கரீபியனில் பாய்க்கு எதிரி காற்றைவிட வெயில். அக்ரிலிக் பட்டை வெளுத்தாலும் தாக்குப்பிடிக்கும். அதைத் தைத்த பாலியஸ்டர் நூல்தான் முதலில் சாகும். கண்ணுக்கு நல்ல நூலாகவே தெரியும். பரிசோதனைக்குக் கருவி வேண்டாம்: கட்டைவிரல் நகத்தால் தையலை அழுத்திச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பொடிந்து உதிர்ந்தால் அந்தத் தையல் முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம். மார்ட்டினிக்கின் லெ மாரான் போன்ற படகூர்களில் பாய்ப் பட்டறைகளுக்கு இந்தப் பட்டைத் தையலே பிழைப்பு. டெனாரா என்ற நூலை வெயில் ஒன்றும் செய்யாது. விலை கூடுதல், ஆனால் துணி போனாலும் தையல் நிற்கும். உப்புக்கு நல்ல தண்ணீர்தான் மருந்து. தீவுகளில் தண்ணீர் காசு கொடுத்து வாங்குகிற பண்டம் என்பதால், காற்றில்லாத மழை வந்தால் பாயை விரித்துவிட்டுக் கப்பலோட்டிகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அது காயும்வரை சுருட்டாமல் விட வேண்டும். பாலியஸ்டர் மக்காதுதான், ஆனால் அதன் மேல் கறுப்புப் புள்ளி பிடிக்கும். பிடித்தால் போகாது.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிப் பருவம். ஊருக்குப் போகிறவர்கள் பாயைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். சுருட்டியிருக்கிறதே, போதாதா என்று தோன்றும். போதாது. சூறாவளிக் காற்று சுருளின் ஒரு ஓரத்தில் விரல் நுழைகிற இடைவெளியைக் கண்டுபிடித்துவிடும். அங்கிருந்து ஒரு குமிழ், குமிழிலிருந்து கிழிசல். விரிந்த பாய் உதறுகிற உதறலில் படகு தன் கட்டையும் அறுத்துக்கொண்டு பக்கத்துப் படகின் மேல் போகும். 2004 செப்டம்பரில் ஐவன் கிரெனடாவை அடித்தபோதும், 2017 செப்டம்பரில் இர்மா பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளை அடித்தபோதும் படகுத்துறைகள் படகுக் குவியல்களாயின. கழற்றிய பாயைத் துறையில் விரித்து, விசிறி மடிப்பாக மடித்துப் பையில் போட்டுவிட்டால் குழல் மட்டும் மெலிந்து நிற்கும். சுழலியையும் இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் அதைக் கையில் எடுத்துச் சுற்றிப்பார்த்து, குண்டுகள் கரகரக்கின்றனவா என்று கேட்கலாம். வருடத்தில் அதற்குக் கிடைக்கிற ஒரே வைத்தியம் அதுதான்.

பாய் கிழிந்து சாவது அபூர்வம். தொய்ந்துதான் சாகும். நெசவு தளர்ந்து, வயிறு ஆழமாகி, அந்த ஆழம் முன்னால் இருக்க வேண்டியது பின்னால் நகர்ந்துவிடும். அதே காற்றில் படகு முன்பைவிடச் சாயும், முன்பைவிடக் குறைவாக முன்னேறும். சொந்தக்காரர்கள் அடிப்பாகத்தில் பாசி என்பார்கள், எஞ்சின் விசிறி இழுக்கிறது என்பார்கள், பாயைச் சந்தேகிக்க மாட்டார்கள். அடிவிளிம்பின் நடுவில் படுத்து மேல்நோக்கி ஒரு படம் எடுத்துப் புதுப்பாயில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடும். ஒருமுறை வெட்டித் தைத்து வயிற்றைக் குறைக்கலாம். இரண்டாவது முறைக்குத் துணி தாங்காது.

அதன் பிறகு சில பாய்கள் மீன்பிடிப் படகுக்கு நிழல் கூரையாகும். சில கப்பலேறிப் போகும்: அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ‘சீ பேக்ஸ்’ 1999 முதல் பழைய பாய்களை வெட்டித் தோள்பை தைத்து விற்கிறது, பிரான்சின் லோரியானிலும் அந்தத் தொழில் நடக்கிறது. வெயில் படாத நடுத்துணிக்குத்தான் அங்கே மதிப்பு. வருடக்கணக்கில் காவல் காத்த நீலப்பட்டையை வெட்டித் தள்ளிவிடுவார்கள்.

குழலும் உருளையும் படகிலேயே இருக்கும். நன்றாகக் கவனித்த சுருட்டி இரண்டு மூன்று பாய்களைப் பார்த்துவிடும். அடுத்த பாய்க்குப் பட்டறையிலிருந்து புதுப் படிவம் வரும். பழைய கோப்பைத் தேடி எடுத்து அதே எண்களை எழுதி அனுப்பிவிடலாம் என்று ஆசையாக இருக்கும். அதற்குள் முன்கம்பி மாறியிருக்கும். ரிக்கர் ஒரு டாகிளைக் கூடுதலாக மாட்டி உருளையை நாலு சென்டிமீட்டர் உயர்த்தியிருப்பார். உச்சியில் கப்பியும் புதிது. டேப்பை மறுபடி சுழலியில் கட்டி, ஆஞ்சானை இழுத்து, புதிதாகவே அளந்து அனுப்ப வேண்டும்.